வேலை முடிந்தது, மெயில் எதற்கு?

2024 டிசம்பர் 1 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் பெய்த மழை 51 சென்டிமீட்டர். ஃபெஞ்சல் புயல் முந்தைய இரவு புதுச்சேரி அருகே கரையேறி, மேற்கொண்டு நகர மனமில்லாமல் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. மறுநாள் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே உள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்ட, அந்தத் தடத்தில் ரயில்கள் நின்றுபோயின.

அந்த 'எட்டரை மணி' தற்செயல் அல்ல. இந்திய வானிலைத் துறைக்கு மழை நாள் என்பது நள்ளிரவில் தொடங்குவதில்லை; காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. உலகப் பொது நேரப்படி அது சரியாக அதிகாலை 3 மணி. நாடெங்கும் மழைமானிகளை அந்த நேரத்துக்குத்தான் பார்க்கிறார்கள். குறித்த நேரத்தில் ஒரு வேலை, பிறகு ஒரு பட்டியல். தமிழ்நாட்டில் மழைக்கணக்கு வைத்துக்கொள்கிறவர்கள் ஒரு தனி ரகம். அக்டோபர் பிறந்துவிட்டால் அவர்களுக்கு இந்தப் பட்டியல் இல்லாமல் பொழுது விடியாது.

அப்படி ஒரு மாணவரை வைத்துக்கொள்வோம். விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு போன்ற ஓரிடத்தில் கட்டற்ற மென்பொருள் கற்றவர். மாவட்டத்தின் மழை அளவைத் தினமும் காலை 9 மணிக்கு இணையத்திலிருந்து இறக்கிச் சேமிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுகிறார். அதை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரானிடம் ஒப்படைக்கிறார்: 0 9 * * * என்று ஐந்து குறிகள், அவற்றை அடுத்து கட்டளை. மறுநாள் காலை பட்டியல் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. கூடவே ஒரு மெயிலும் வந்து கிடக்கிறது. திறந்தால் சதவீதங்கள், வேகங்கள், நிமிடக் கணக்குகள் என்று அரைகுறை அட்டவணை ஒன்று. பிழை எதுவும் இல்லை. அடுத்த நாளும் மெயில், அதற்கடுத்த நாளும் மெயில். ஒரு வாரத்தில் அவர் மெயிலைத் திறப்பதையே விட்டுவிடுவார். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

க்ரான் ஒரு பழைய ஆள். பெல் லேப்ஸின் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில், 1979-லேயே இருந்தது. இன்று லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலும் ஓடுவது பால் விக்ஸி 1987-ல் எழுதிய க்ரான், அல்லது அதன் வாரிசுகளில் ஒன்று. நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, இந்த நிமிடத்தில் யாருக்கு வேலை என்று பார்த்து, தொடங்கிவைத்துவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும். வேலையைத் தொடங்கும்போது அதன் வாயில் ஒரு குழாயைப் பொருத்தி மறுமுனையைத் தன் கையில் வைத்துக்கொள்கிறது. குழாய் வழியே ஒரே ஒரு பைட் வந்தாலும் போதும், அதை மெயிலாக்கி அனுப்பிவிடும். எதுவும் வராவிட்டால் மெயில் கிடையாது.

விதி அவ்வளவுதான். இதில் இல்லாதது எது என்று கவனிக்க வேண்டும். யூனிக்ஸில் ஒவ்வொரு நிரலும் முடியும்போது ஒரு எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் வெற்றி, வேறு எதுவென்றாலும் தோல்வி. மெயில் அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவுசெய்யும்போது விக்ஸியின் க்ரான் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது சத்தத்தை, தவறை அல்ல. வேலை நன்றாக முடிந்து, போகிற போக்கில் ஒரு வரி பேசினால் மெயில் வரும். வேலை படுதோல்வி அடைந்து வாய்மூடிக் கிடந்தால் மெயில் வராது. வேண்டாத மெயிலைப் பற்றிய எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இந்த ஒரு குணம்தான்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'மெயிலை எப்படி நிறுத்துவது' என்பதல்ல. யார் பேசினார்கள், எந்த வாயால் பேசினார்கள் என்பதுதான். யூனிக்ஸ் நிரலுக்கு வாய் இரண்டு. எண் 1 வழக்கமான வெளியீடு, எண் 2 பிழை வெளியீடு. (எண் 0 காது.) இந்த இரண்டாவது வாய் வந்த கதை சுவையானது. 1970-களின் முற்பாதியில் பெல் லேப்ஸில் ஒளியச்சு இயந்திரம் ஒன்று இருந்தது. அதில் எழுத்துக் கோத்த நீளமான தாளை நாற்றமடிக்கும் ரசாயன இயந்திரத்துக்குள் செலுத்திப் பல நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒருநாள் பிற்பகல் பலருக்கும் ஒரே அனுபவம்: காத்திருந்து எடுத்த தாளில் கட்டுரை இல்லை, இன்ன கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற ஒற்றை வரி மட்டும் அழகாக அச்சாகியிருந்தது. முணுமுணுப்பு உரியவர்கள் காதில் விழ, சில நாட்களிலேயே பிழைச் செய்திக்கென்று தனி வழி பிறந்துவிட்டது என்று அங்கே பணிபுரிந்த ஸ்டீவ் ஜான்சன் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

பெயர் பிழை வெளியீடு என்றாலும் அதில் வருவதெல்லாம் பிழை அல்ல. நம் மாணவரின் அட்டவணை கர்ல் நிரலின் முன்னேற்ற அளவி. இறக்கிய தரவு எண் 1 வழியே கோப்புக்குப் போகிறது. அதோடு கலந்துவிடக் கூடாது என்பதால் 'இத்தனை சதவீதம் முடிந்தது' என்ற பேச்சு எண் 2 வழியே வருகிறது. டாரும் இப்படித்தான்: காப்பு எடுக்கும்போது பாதைகளின் முன்னால் இருக்கும் சாய்கோட்டை நீக்குவதாக ஒரு வரி சொல்லும். அது தகவல், தவறு அல்ல. மையெஸ்க்யூஎல் டம்ப்போ, கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதினால் அது பாதுகாப்பல்ல என்று எச்சரிக்கும். அந்த வரியை மறைப்பதை விட அது சொல்வதைக் கேட்டுக் கடவுச்சொல்லைத் தனிக் கோப்புக்கு மாற்றுவது நல்லது, மெயிலும் நின்றுவிடும்.

எந்த வாய் என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. க்ரான் வரியின் கடைசியில் > வெளி 2> பிழை என்று சேர்த்து ஒரே ஒரு முறை ஓட விட வேண்டும். வெளி, பிழை என்று இரண்டு கோப்புகள் கிடைக்கும். எது வீங்கியிருக்கிறதோ அதைத் திறந்து பார்த்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் நடைமுறையில் யாரும் இதைச் செய்வதில்லை. எல்லாரும் எடுக்கிற மருந்து ஒன்றே: > /டெவ்/நல் 2>&1. சத்தம் அத்தனையும் பாதாளத்துக்கு. அதையும் பலர் தப்பாக எழுதுகிறார்கள். 2>&1 > /டெவ்/நல் என்று இடம் மாற்றி எழுதினால் பிழை வெளியீடு அடங்காது, மெயில் வந்துகொண்டே இருக்கும். ஷெல் இவற்றை இடமிருந்து வலமாகச் செயல்படுத்துகிறது. 2>&1 என்பதற்குப் பொருள், 'எண் 1 இந்தக் கணத்தில் எங்கே போகிறதோ, எண் 2-ம் அங்கேயே போகட்டும்' என்பது. அந்தக் கணத்தில் எண் 1 க்ரானின் குழாயை நோக்கி இருக்கிறது. அதனால் எண் 2-ம் குழாயைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் எண் 1 மட்டும் பாதாளத்துக்குத் திருப்பப்படுகிறது. எண் 2 பழைய இடத்திலேயே நிற்கிறது.

இன்னொன்று இதைவிடக் குறும்பானது. பாஷ் ஷெல்லில் &> என்று சுருக்கமாக எழுதினால் இரண்டு வாயும் அடைபடும். டெர்மினலில் சோதித்துப் பார்த்தால் கச்சிதமாக வேலை செய்யும். அதையே உபுண்டுவின் க்ரானில் போட்டால் செய்யாது. க்ரான் கட்டளைகளை ஓட்டுவது பாஷ் அல்ல, சிஸ்டத்தின் பொது ஷெல். உபுண்டுவில் 2006-ல் வந்த 6.10 பதிப்பிலிருந்து அது டாஷ். டாஷுக்கு &> என்ற சுருக்கம் தெரியாது. அது & வரை ஒரு கட்டளையாகப் படித்துப் பின்னணியில் ஓட விடுகிறது; மிச்சமிருக்கும் > என்பதை வெறும் கோப்பு திறக்கும் உத்தரவாக எடுத்துக்கொள்கிறது. பின்னணியில் போன வேலை குழாய்க்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கும். மெயிலும் தவறாமல் வரும். எழுதியவர், 'நான்தான் அடைத்துவிட்டேனே' என்று அடித்துச் சொல்வார்.

இங்கே அடுத்த பெரிய காரணம் தலை காட்டுகிறது: டெர்மினலில் ஓடுவது வேறு, க்ரானில் ஓடுவது வேறு. நாம் லாகின் செய்யும்போது ஷெல் நமக்காக எத்தனையோ ஏற்பாடுகளைச் செய்து வைக்கிறது. எந்த அடைவுகளில் நிரலைத் தேடுவது, எந்த மொழி, எந்த எழுத்துக் குறியாக்கம் என்று. க்ரான் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தருவதில்லை. எதைத் தந்தது என்பதை மட்டும் மெயிலிலேயே எழுதி அனுப்புகிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. மெயிலின் முழுத் தலைப்புகளைக் காட்டச் சொன்னால் எக்ஸ்-க்ரான்-என்வ் என்று தொடங்கும் சில வரிகள் தெரியும். ஷெல் எது, வீட்டு அடைவு எது, நிரல் தேடும் பாதை எது என்று அதில் இருக்கும். பாதை பெரும்பாலும் இரண்டே அடைவுகளாக இருக்கும். நாம் தனியாக நிறுவிய நிரல் வேறு அடைவில் இருந்தால் 'கட்டளை கிடைக்கவில்லை' என்று மெயில் வருவதில் ஆச்சரியம் இல்லை. நிரலின் முழுப் பாதையை எழுதினால் தீர்ந்தது.

சதவீதக் குறியும் பலரை ஏமாற்றுகிறது. மாணவர் தினமும் ஒரு புதுக் கோப்பில் சேமிக்க நினைத்து, தேதியை ஒட்ட டேட் கட்டளையில் % போடுகிறார். டெர்மினலில் சரி. க்ரான் வரியில் %-க்கு வேறு அர்த்தம்: கட்டளை அதோடு முடிந்தது, மீதி அந்தக் கட்டளைக்கு ஊட்ட வேண்டிய உள்ளீடு. கட்டளை பாதியில் அறுபட்டு, மேற்கோள் குறி முடியவில்லை என்று ஷெல் புலம்பும். ஒவ்வொரு % குறிக்கு முன்னும் \ போட வேண்டும். அல்லது முழுவதையும் ஒரு ஸ்கிரிப்ட் கோப்புக்குள் வைத்து, க்ரானில் அதன் பெயரை மட்டும் எழுத வேண்டும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். க்ரான் வரி எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நிம்மதி.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. ஸ்கிரிப்ட் 'மயிலம்: 51' என்று அச்சிடுகிறது என்று வையுங்கள். டெர்மினலில் அழகாகத் தெரியும். க்ரானில் பைத்தான் நிரல் பாதியில் செத்து, ஆஸ்கி குறியாக்கத்தில் இந்த எழுத்துகளை எழுத முடியாது என்ற நீண்ட புலம்பல் மெயிலில் வரும். 'மயிலம்' என்ற சொல் யூனிகோடில் ஆறு குறிகள்: ம, ய, இகரக் குறி, ல, ம, புள்ளி. யூடிஎஃப்-8-ல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 18 பைட். அவற்றில் ஒன்றுகூட ஆஸ்கியின் 128 எல்லைக்குள் இல்லை. டெர்மினலில் மொழி அமைப்பு யூடிஎஃப்-8 என்று சொல்லியிருக்கும். க்ரானில் அந்த அமைப்பு இல்லாமல் போனால் பழைய பைத்தான் ஆஸ்கிதான் என்று எடுத்துக்கொள்ளும். 2018-ல் வந்த பைத்தான் 3.7 இந்த நிலையில் தானாகவே யூடிஎஃப்-8-க்கு மாறிக்கொள்கிறது. பழைய பதிப்புகள் ஓடும் சர்வர்களில் க்ரான் கோப்பின் தலையிலேயே மொழி அமைப்பை ஒரு வரியாக எழுதிவிட வேண்டும். நிரல் பிழைத்துக்கொண்டாலும் மெயில் தப்பிப்பதில்லை. இது ஆஸ்கி எழுத்துதான் என்று க்ரான் மெயிலின் தலையில் முத்திரை குத்தி அனுப்பினால், பிரிக்கும் இடத்தில் மயிலம் கேள்விக்குறிகளாகவோ கிறுக்கல்களாகவோ நிற்கும். ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்கிறவர் ஆயுசுக்கும் இந்த மெயிலைப் பார்க்க மாட்டார்.

நேரமும் காலை வாரும். வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. அதில் 0 9 * * * என்று எழுதினால் நம் கணக்கில் அது பிற்பகல் 2.30. அப்போதும் பட்டியல் கிடைக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. காலை 9 மணிக்கு வேண்டுமென்றால் 30 3 என்று எழுத வேண்டும். அந்த அரை மணி நமக்கே உரிய சுமை. மணியை மட்டும் மாற்றிவிட்டு நிமிடத்தை மறந்து, பட்டியல் வெளியாகும் முன்பே வேலையை ஓட்டி, 'கோப்பு கிடைக்கவில்லை' என்று தினம் ஒரு மெயில் வாங்குகிறவர்கள் உண்டு.

சரி, காரணம் தெரிந்தது; எப்படி அடக்குவது? பேசுகிற நிரலிடமே அமைதியாக இருக்கச் சொல்வதுதான் முதல் வழி. கர்லுக்குச் சிறிய எஸ், பெரிய எஸ் என்று இரண்டு எழுத்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் முன்னேற்ற அளவி போய்விடும், உண்மையான பிழை மட்டும் பேசும். கையோடு எஃப் எழுத்தையும் சேர்ப்பது அவசியம். அது இல்லாவிட்டால், பக்கம் காணவில்லை என்று தளம் திருப்பி அனுப்பும் 404 பக்கத்தையே மழைப்பட்டியல் என்று கர்ல் சேமித்துவிட்டு வெற்றி எண்ணைத் தரும். எஃப் இருந்தால் 22 என்ற தோல்வி எண்ணோடு திரும்பும்.

நிரல் பேச்சைக் குறைக்க மறுத்தால், ஜோயி ஹெஸ் உருவாக்கிய மோர்யூடில்ஸ் தொகுப்பில் க்ரானிக் என்று ஒரு கருவி இருக்கிறது. கட்டளைக்கு முன்னால் அதைப் போட்டால், வெளியீட்டை முழுக்கப் பிடித்து வைத்துக்கொண்டு முடிவு எண்ணைப் பார்க்கும். 0 என்றால் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இல்லையென்றால் அத்தனையையும் கக்கும். க்ரான் பார்க்காத எண்ணை அதற்குப் பதிலாக இது பார்க்கிறது. ஓப்பன்பிஎஸ்டி இதைத் தன் க்ரானுக்குள்ளேயே ஒரு விருப்பமாகச் சேர்த்துவிட்டது. லினக்ஸின் எல்லா க்ரானிலும் இது வந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

எல்லாவற்றையும் பாதாளத்துக்கு அனுப்பும் பழக்கத்தை நான் எதிர்க்கக் காரணம் இருக்கிறது. அது தொல்லை தரும் பேச்சோடு சேர்த்து, டிஸ்க் நிறைந்துவிட்டது, கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது போன்ற செய்திகளையும் கொண்டுபோய்விடுகிறது. காப்பு எடுக்கும் வேலையில் இப்படிச் செய்தவர்களுக்கு விஷயம் தெரியவருவது காப்பு தேவைப்படும் நாளில்தான். வெளியீடு வேண்டும் என்று தோன்றினால் தேதியோடு ஒரு லாக் கோப்பில் சேர்க்கலாம். லாக்ரொட்டேட் பழையதைக் கழித்துவிடும்.

இத்தனை செய்த பிறகும் ஓர் ஓட்டை மிச்சம். வேலை ஓடவே இல்லை என்றால் மெயில் வராது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில், 9 மணிக்குக் கணினி அணைந்திருந்தால் க்ரான் அந்த வேலையை அப்படியே விட்டுவிடும். மின்சாரம் வந்ததும் திரும்பச் செய்யாது. விட்டதைப் பிடிக்க அனக்ரான் வேண்டும். வேலை வெற்றிகரமாக முடியும்போதெல்லாம் ஒரு கோப்பின் தேதியைப் புதுப்பித்துவிட்டு, அந்தத் தேதி 26 மணி நேரத்துக்கு மேல் பழசானால் வேறொரு கணினி சத்தம் போடும்படி வைப்பது இன்னும் உறுதி.

கண்டுகொள்ளாத மெயில் என்ன செய்யும் என்பதைத் திண்டிவனத்தில் ஒரு கடையின் பில்லிங் சர்வரில் பார்த்தேன். பில் சேமிக்கப் போனால் 'டிஸ்க்கில் இடமில்லை' என்கிறது. டிஸ்க்கைப் பார்த்தால் பாதிக்கு மேல் காலி. நிரம்பியது இடம் அல்ல, ஐநோடுகள். ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் ஐநோடு வேண்டும். ஈஎக்ஸ்டி4 வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று என்று அமைக்கும் நேரத்திலேயே கணக்காக ஒதுக்கிவிடுகிறது. 20 ஜிபி பகுதிக்குச் சுமார் 13 லட்சம். அங்கே போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சேவை எப்போதோ நின்றுபோயிருந்தது. க்ரான் மட்டும் விடாமல் மெயில் எழுதிப் புறப்பாட்டு அடைவில் போட்டுக்கொண்டே இருந்தது, ஒரு மெயிலுக்கு ஒரு குட்டிக் கோப்பு. நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஒரு வேலை நாளைக்கு 1,440 மெயில், வருடத்துக்கு 5,25,600. அப்படி ஐந்து வேலைகள் இருந்தால் 13 லட்சத்தை ஆறு மாதத்தில் தின்று தீர்க்கும். போஸ்ட்கேட் கட்டளையால் ஒரு மெயிலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரே வரி: டெர்மினலுக்கு வரும் செய்திகளைத் தடுக்க முயன்றேன், இங்கே டெர்மினலே இல்லை என்று, வேலை லாகின் ஷெல் வழியே ஓடியதால், ஷெல்லின் லாகின் கோப்பில் இருந்த மெஸ்ஜி கட்டளை சொல்லியிருந்தது.

இப்படிப்பட்ட அடைவைத் துடைப்பதிலும் வரிசை முக்கியம். முதலில் அந்த மெஸ்ஜி வரியை, டெர்மினல் இருந்தால் மட்டும் ஓடும்படி மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருக்கும். வழக்கமான ஆர்எம் கட்டளையோடு நட்சத்திரக் குறி போட்டால் பட்டியல் மிக நீளம் என்று கெர்னல் மறுத்துவிடும். ஃபைண்ட் கட்டளையைக் கொண்டு ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸை உயிர்ப்பிப்பது கடைசியில்தான். ஆர்வத்தில் அதை முதலில் தொடங்கிவிட்டால், தேங்கிக் கிடந்த லட்சக்கணக்கான மெயில்களும் ஒரே மூச்சில் முதலாளியின் மெயில்பெட்டிக்குப் புறப்பட்டுவிடும்.